தாயை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த கதை

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்குப் பெட்டி போடுகிறவளை எல்லோரும் இஸ்திரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மகளுக்கு ஆறு வயதானதும் பள்ளியில் சேர்க்க அழைத்துப் போனாள். எழுத்தர் வேறு யாருடனோ வாயடித்துக்கொண்டே, சேர்க்கைப் படிவத்தில் மாணவி என்ற கட்டத்தில் தாயின் பெயரையும், தாய் என்ற கட்டத்தில் மகளின் பெயரையும் எழுதி முத்திரை குத்திவிட்டார். படிக்கத் தெரியாதவள் அதை வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காவலாளி சிறுமியை வாசலிலேயே மறித்தார். எழுத்தர் கையை விரித்தார். "முத்திரை விழுந்தாச்சும்மா. இனி யாராலயும் திருத்த முடியாது. உங்களுக்கு இடம் இருக்கு, வந்து உக்காருங்க."

ஆறு வயதிலிருந்து எட்டாம் வகுப்பு முடியும்வரை படித்தே தீர வேண்டும் என்பது சட்டம். இஸ்திரியக்கா ஆறு வயதில் வாளி சுமந்தபோது அந்தச் சட்டம் எங்கே தூங்கியதோ! இப்போது மட்டும் துரத்திக்கொண்டு வந்தது. அவள் வகுப்புக்குப் போகாததால், பத்தாம் நாள் 'தாய்க்கு' அழைப்பாணை வந்தது.

வருகை அதிகாரியின் எதிரே நாற்காலியில் கால் எட்டாமல் சிறுமி உட்கார்ந்தாள். பக்கத்தில் இஸ்திரியக்கா நின்றாள்.

"பிள்ளைய ஏம்மா பள்ளிக்கூடம் அனுப்பல?"

"அது வேலைக்குப் போகுது சார்."

"அட கொடுமையே! பிள்ளைய வேலைக்கு அனுப்பிட்டு நீங்க என்ன பண்றீங்க?"

"வீட்ல விளையாடுறேன்."

"சார், கண்ணு தெரியுதா உங்களுக்கு?" இஸ்திரியக்கா வெடித்தாள். "அவளுக்கு முன்பல்லு விழுந்து ஒரு வாரந்தான் ஆச்சு!"

"பெரியவங்க பேசும்போது பிள்ளைங்க குறுக்க பேசக் கூடாது" என்று அதட்டிவிட்டு, உறுதிமொழித் தாளைச் சிறுமியிடம் நீட்டினார். "கையெழுத்துப் போடுங்க."

"தெரியாது சார். இன்னும் சொல்லித் தரல."

அதிகாரி மைப்பெட்டியைத் தேடினார். அது இல்லை. 'கைநாட்டு ஒழிந்த வட்டாரம்' என்று அவருக்குப் பின்னால் பெரிய பலகை தொங்கியது. திறந்து வைத்தவரும் அவரே. கையெழுத்து இல்லாமல் கோப்பை மூட முடியாது. கைநாட்டு வாங்கினால் பலகையைக் கழற்ற வேண்டும். வியர்த்து விறுவிறுத்து ஓர் ஆணை எழுதினார்: 'மேற்படி தாய் கையெழுத்துப் போடக் கற்கும்வரை தினமும் வகுப்பில் அமரலாம். அதுவரை மாணவி மீதான நடவடிக்கை நிறுத்தி வைக்கப்படுகிறது.'

படியிறங்கும்போது இஸ்திரியக்கா மகளின் காதோடு சொன்னாள்: "கண்ணு, எல்லாத்தையும் நல்லா கத்துக்கோ. ஆனா எட்டாவது முடியற வரைக்கும் அந்தாளு முன்னாடி மட்டும் கையெழுத்துப் போட்டுக் காட்டிடாதடி."