சும்மா ஒரு சுவர்

விரல்முட்டியால் சுவரைத் தட்டிவிட்டு, காதை அதன்மேல் ஒட்டவைத்துக் கேட்கிறார் கொத்தனார். கதவோரம் ஒரு தட்டு, நடுவில் ஒன்று, ஸ்டூல் போட்டு ஏறிக் கூரைக்குக் கீழே ஒன்று. கருவிப் பையின் முடிச்சு இன்னும் அவிழவில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் அவர் முதலில் கேட்பது டீ அல்ல. "தாளு எங்க?" என்பார். அதனால் அவருக்குத் 'தாளு' என்றே பெயர். பாதிப்பேர் அதைக் கிண்டலாகத்தான் சொல்கிறார்கள்.

வெள்ளையடிக்கவோ தரைக்கு ஓடு பதிக்கவோ அவர் எதுவும் கேட்பதில்லை. அறை கூட்டினால், மாடி எழுப்பினால், பாரம் தாங்கும் சுவரில் கை வைத்தால் மட்டும் கட்டட அனுமதித் தாள் வேண்டும். இல்லையென்றால் பை திறக்காது. இதை விளக்கி விளக்கியே தொண்டை கட்டிப்போன மனிதர். "சும்மா" என்ற சொல் காதில் விழுந்தால் முகம் கறுத்துவிடும். சும்மா ஒரு ஜன்னல், சும்மா ஒரு தூண். அவரது இடக்கையில் இரண்டு விரல்கள் பாதியோடு நிற்கின்றன. அதுவும் ஒரு சும்மாதான்.

இன்று அவர் தட்டியது சொந்தத் தங்கை வீட்டுச் சுவரை. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் நிற்கிறது. அதை எடுத்துவிட்டால் வீடு விசாலமாகிவிடும் என்பது தங்கை கணவரின் நினைப்பு. மச்சான் தாள் கேட்பார் என்று தெரிந்தே, அலுவலக முத்திரையோடு ஒன்றை வாங்கி வைத்திருந்தார். கொத்தனார் அதைப் பாதி விரலால் வரிவரியாகத் தொட்டு வாசித்தார். ஒரு சொல்லில் விரல் நின்றது.

"பழுதுபார்க்கன்னு போட்டிருக்கு. பூச்சு உதிர்ந்தா பூசிக்கலாம், அவ்வளவுதான். இந்தச் சுவத்துக்கு என்ன மாப்ள பழுது?"

"இடிக்கப்போறோம்னு எழுதினா வரைபடம் கேப்பான், இன்ஜினியர் வந்து பாக்கணும்பான். மூணு மாசம் இழுக்கும். சும்மா ஒரு சுவருதானே மச்சான்."

கொத்தனாரின் கழுத்து நரம்பு புடைத்தது. "உத்தரம் இதுமேலதான் உக்காந்திருக்கு. சுவரு பொய் சொல்லல மாப்ள. உங்க தாளுதான் சொல்லுது."

உன் அண்ணன் ரொம்பத்தான் பிகு பண்ணுகிறார் என்று மனைவியிடம் திரும்பினார் தங்கை கணவர். நாளைக்கே வேறு ஆள் வருவான், அவன் தாளும் கேட்க மாட்டான், கோளும் மூட்ட மாட்டான் என்றார். இனி இந்தப் படி ஏற வேண்டாம் என்றும் சேர்த்துக்கொண்டார். தங்கை அண்ணாந்து உத்தரத்தைப் பார்த்தாள். அந்தச் சுவருக்கு நேர் மேலே, மாடியறையில், அவளுடைய ஆறு மாதக் குழந்தையின் தொட்டில் ஒருமுறை கிரீச்சிட்டு அடங்கியது.

கொத்தனார் பையைத் தோளில் மாட்டினார். வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். காதில் செருகியிருந்த சிவப்புப் பென்சிலை உருவி, நாளைக்கு வருகிறவன் கண்ணுக்கு நேராக, வெள்ளைச் சுவரில் சாணளவு எழுத்துகளில் அழுத்தி எழுதினார்: 'மேலே குழந்தை தூங்கு'. அதோடு முனை முறிந்தது. யார் முகத்தையும் பார்க்காமல் பென்சிலின் மரத்தைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு, மிச்ச எழுத்துகளையும் எழுதினார்.