எபிசன் அண்ணனின் கையெழுத்து

எங்கள் தெருவில் எபிசன் அண்ணனிடம் கேட்டு, இல்லை என்ற பதிலோடு திரும்பியவர் யாருமில்லை. மார்த்தாண்டத்தில் டெம்போ ஓட்டுகிறார். யார் தவணைக்குப் பொருள் எடுத்தாலும் தன் பெயரைக் கொடுப்பார். ராஜையன் மாமா வீட்டு பிரிட்ஜ், கிரேசி சித்தியின் வாஷிங் மெஷின், ஜெனினின் போன் எல்லாம் கடைக் கணக்கில் அவருடையவை. அவர்கள் தவணையைப் பாதியில் மறந்தார்கள். இவருக்குக் கேட்கக் கூச்சம். மாமா வீட்டுக்குப் போனால் உரிமையோடு பிரிட்ஜைத் திறந்து தண்ணீர் குடிப்பார். வசூல் அவ்வளவுதான்.

அவர் மனைவி ஷைஜா அக்கா தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். குழித்துறையில் ஒரு வீடு விலைக்கு வந்ததும் நகையை விற்று முன்பணம் கொடுத்துவிட்டார். மாதக் கடைசிக்குள் பத்திரம் பதியாவிட்டால் வீடும் போகும், முன்பணமும் போகும். இருவருமாகக் கடன் கேட்டபோது, கட்டாத தவணைகளால் சரிந்துகிடந்த அண்ணனின் சிபில் மதிப்பெண்ணைப் பார்த்து வங்கி கையை விரித்தது.

"ஊருக்கெல்லாம் பிரிட்ஜ் வாங்கிக் குடுத்திய. நமக்கு ஒரு வீடு வேண்டாமா?" என்று அண்ணனிடம் கேட்டார் அக்கா.

பிறகு தன் பெயரில் மட்டும் விண்ணப்பித்தார்.

படித்த பிள்ளை என்று வங்கிக்கு என்னையும் கூட்டிப் போனார்கள். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். வேலை இன்னும் இல்லை. காத்திருந்தபோது என் சிபில் மதிப்பெண்ணைப் போனில் பார்த்தேன். எதுவுமே இல்லை என்று வந்தது. நான் கடன் வாங்கியதில்லை, என்னை நம்பி யாரும் தந்ததுமில்லை. அது நல்லதா கெட்டதா என்று பிடிபடவில்லை.

உள்ளே அக்காவிடம் பேசிய மேலாளருக்கு ஒரே ஒரு தயக்கம்தான். வீட்டுக்காரர் இனியும் யாருக்காவது ஜாமீன் போட்டால் அக்காவின் சம்பளமும் அதில் கரையுமே என்று அவர் சொன்னது கதவு வழியே எனக்குக் கேட்டது.

வெளியே அண்ணனின் பக்கத்தில் சுந்தரராஜ் என்றொருவர், முன்பின் தெரியாதவர், ஆட்டோ கடனுக்கு ஜாமீன் நிற்க வேண்டிய மச்சான் போனை எடுக்கவில்லை என்று புலம்பினார். அண்ணன் சற்று நேரம் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு என்னிடம் பேனா கேட்டார். சட்டைப் பையைக் கையால் மறைத்துக்கொண்டு இல்லை என்றேன். சுந்தரராஜிடம் இருந்தது.

இருவரும் கவுன்டருக்கு நடந்தார்கள். நான் ஓடிப்போய் மேலாளரின் கதவைத் தட்டினேன். அக்காவும் மேலாளரும் வெளியே வரும்போது கவுன்டர் பெண் அண்ணனின் ஆதார் அட்டையைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, இந்த சிபிலுக்கு ஒங்க கையெழுத்து இனி எந்த பேங்க்லயும் செல்லாது."

அண்ணனின் முகம் தொங்கிப்போனது.

"மக்கா, அத இன்னொருக்க சொல்லு," என்றார் அக்கா அவளிடம்.

மேலாளர் சிரித்துவிட்டார். தயக்கம் தீர்ந்தது என்று அக்காவைக் கையெழுத்துப் போட உள்ளே கூப்பிட்டார். அண்ணன் மட்டும் அங்கேயே நின்று, மச்சானை இன்னொரு தடவை கூப்பிடத் தன் போனை சுந்தரராஜிடம் நீட்டிக்கொண்டிருந்தார்.