குடைக்காரர் முகமும் கேமராவின் கைப்பிடியும்

எங்கள் வீட்டில் அப்பாவின் படங்களுக்குப் பஞ்சமே இல்லை. அவர் முகத்துக்குத்தான் பஞ்சம். திருவள்ளூரில் பெருமாள் வீதி புறப்பாடு வரும்போது, பக்கத்தில் பெரிய வெள்ளைக் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பவர் அவர். ஜனங்கள் ஃபோனை உயர்த்திப் பெருமாளை எடுப்பார்கள். குடை விழும், குடைக்காம்பு விழும், காம்பைப் பிடித்த கையும் விழும். முகம் மட்டும் குடையின் குஞ்சத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். சொந்தக்காரர்கள் அனுப்பும் படங்களில் முழங்கைத் தழும்பை வைத்துத்தான் அவரை அடையாளம் கண்டுபிடிப்போம்.

தோள்வலி அதிகமாகி, இந்த உற்சவத்தோடு பெரிய குடையை விட்டுவிடுகிறேன் என்று அப்பா சொன்னதும் அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. பாய்ந்தது என் மேல்.

"இத்தினி வருஷமா தூக்கினு நடக்கறாரு. மூஞ்சி தெரியிற மாதிரி ஒரு படம் இருக்குதா இந்த ஊட்ல? நீ இன்னாத்துக்குப் புள்ளைன்னு இருக்கற?"

நியாயமான கேள்விதான். நியாயமாக இருந்ததால்தான் எனக்குக் கோபம் வந்தது. ஃபோனில் எடுக்கலாமே என்றால், என் ஃபோனில் நகரும் எதுவும் பேய் மாதிரிதான் விழும். அந்த வேகத்தில் ஒரு பழைய கேமரா வாங்கினேன்.

விற்றவர் செவ்வாப்பேட்டைக்காரர். ரயில் நிலைய மேடையிலேயே கைமாறியது. "சொந்தப் புள்ள மாதிரி வச்சிருந்தேன்" என்றார். அந்தப் பிள்ளையின் வலது கைப்பிடியைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை. நானும் லென்ஸில் கீறல் தேடிக்கொண்டிருந்ததில் அதைக் கவனிக்கவில்லை. வீட்டுக்கு வந்து பிடித்தால், பிடித்த கை திரும்பி வரமாட்டேன் என்றது. ரப்பர் வயதாகி இளகி, வெல்லப்பாகு பதத்தில் இருந்தது. ஓரம் பிய்ந்து காது மாதிரி தூக்கிக்கொண்டு நின்றது. அன்று நான் தொட்ட டம்ளர், கதவு, தலையணை எல்லாவற்றிலும் கறுப்புக் கறுப்பாக என் விரல்கள்.

ரப்பரை முழுசாக உரித்து, ஸ்பிரிட்டும் பழைய பல்துலக்கியும் போட்டுத் தேய்த்தேன். அடியில் இருந்த பிளாஸ்டிக் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கியது. கூடவே வந்த லென்ஸ் தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுக்காத ரகம். அப்பாவின் முகம் வேண்டுமென்றால் குஞ்சத்துக்குக் கீழே, அவர் எதிரிலேயே, கூட்டத்தில் பின்பக்கமாக நடந்துகொண்டு எடுக்க வேண்டும். அதை வழுக்கும் கேமராவை வைத்துக்கொண்டு செய்ய முடியாது.

எனக்குக் கும்மிடிப்பூண்டியில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. அடுத்தவன் பாடுபட்டுச் செய்ததை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு 'ரிஜெக்ட்' என்று ஓரம் தள்ளுவதற்குச் சம்பளம் வாங்குகிறேன். சொந்தமாக ஒரு பொருளைச் செய்து பழக்கமில்லை. கம்பெனி வேன் புதுவாயலில் டீக்கு நிற்கும்போது, அதே கடைக்கு டீக்கு வரும், ஷூ கம்பெனியில் வேலை செய்யும் நண்பனிடம் புலம்பினேன்.

"இன்னா நைனா, இதுக்குப் போயி பேஜாராவுற?" என்றான். "ஷூவுக்கு வெட்டுனது போக துண்டு கெடக்குது. சூப்பர்வைசர கேட்டு ஒண்ணு எடுத்தாறேன். பக்கா ஒரிஜினலு."

மறுநாள் உள்ளங்கை அளவுக்கு ஒரு கறுப்புத் துண்டைக் கொண்டுவந்தான். தடவிப் பார்த்தபோது எனக்கே ஷூ ஆகிவிடலாம் போலிருந்தது. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். கைப்பிடியின் மேல் காகிதத்தை அழுத்திப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்தேன். அதை வைத்துத் துண்டை வெட்டினேன். ஓரங்களை பிளேடால் சீவி மெலிதாக்கினேன். இரண்டு பக்கமும் பசை தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து, மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே வந்தேன். ஒரு சுருக்கம் இல்லை, ஒரு பிசிறு இல்லை. நானே பரிசோதித்து நானே ஓகே சொன்னேன். தயிர் வாங்கப் போகும்போதுகூடக் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனேன்.

சாயங்காலம் அப்பா கோயிலிலிருந்து வந்தார். சாப்பிட உட்கார்ந்தவர் மூக்கைச் சுருக்கினார்.

"இன்னாடா வாசனை?"

"கேமராவுக்குப் புதுப் பிடி போட்டுக்கிறேன்பா."

"தோலா?"

"ஒரிஜினல்" என்றேன், அவ்வளவு பெருமையாக.

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே உறைத்துவிட்டது. அப்பா உற்சவம் முடியும்வரை தோல் செருப்பு கிடக்கும் வாசலைக்கூடச் சுற்றிக்கொண்டு போகிறவர். பணத்தைத் துணிப்பையில்தான் வைத்திருப்பார். அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவன் நான். பசை, பதம், சுருக்கம் என்று எல்லாவற்றையும் யோசித்தவனுக்கு இது மட்டும் தோன்றவே இல்லை.

"இத்த எடுத்துக்கினு பெருமாள் கிட்ட வருவியா?" என்று அமைதியாகக் கேட்டார்.

விடுவேனா? "தவில்ல இருக்கறது இன்னாவாம்? தோல் இல்லையா?"

"அது பெருமாளோட மேளம். அவரு பார்த்துப்பாரு. இது உன்னோட கேமரா." தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நான் எடுக்க வேணாம்னா சொன்னேன்? தூரமா நின்னு எடுத்துக்க."

தூரமாக நின்றால் மறுபடியும் கைதான் விழும். அது அவருக்கும் தெரியும். அம்மா கரண்டியை வைத்த சத்தத்தில் அவளுக்கும் தெரியும் என்று புரிந்தது.

விடிந்தால் புறப்பாடு என்ற நிலையில் பிடியைப் பிய்க்க உட்கார்ந்தேன். நான் வாழ்க்கையில் உருப்படியாகச் செய்த ஒரே ஒட்டுவேலை, என்னை எதிர்த்தே நின்றது. தங்கையின் ஹேர் டிரையரை வைத்துச் சூடுகாட்டி, குறடால் இழுத்தேன். துண்டு துண்டாக வந்தது. பிறகு சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிப் பார்த்தேன். கேமராவுக்கு யானைக்கால் வந்த மாதிரி ஆயிற்று. மருந்துக்கடை பிளாஸ்திரி ஒட்டினேன். உள்ளங்கை வியர்த்ததும் நழுவிவிட்டது. எல்லாம் ரிஜெக்ட். எனக்கு அழுகை வரும் அளவுக்கு எரிச்சல். கேமராவை மேசைமேல் அப்படியே போட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

காலையில் எழுந்து பார்த்தால் கேமரா வேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அப்பா கோயிலுக்குக் கிளம்புவதற்கு முன் செய்த வேலை. வியர்வையில் கை நழுவாமல் இருக்க அவர் குடைக்காம்பில் துணி சுற்றுவது வழக்கம். அதே பழைய வேட்டித் துணியைப் பட்டையாகக் கிழித்து, அதே மாதிரி இறுக்கிச் சுற்றி, நுனியை உள்ளே செருகியிருந்தார். சொட்டுப் பசை இல்லை. நான் அசைத்துப் பார்த்தேன், இம்மி நகரவில்லை. ஆனால் ஷட்டர் பட்டனையும் சேர்த்துச் சுற்றியிருந்தார். பேட்டரி மூடியும் உள்ளே போயிருந்தது. குடைக்காம்புக்குப் பட்டன் கிடையாது, பேட்டரி கிடையாது, அவர் என்ன செய்வார்?

"தொவச்ச துணிதாண்டா" என்றாள் அம்மா. "இனிமே கிட்டவே வரலாம்னு சொல்லச் சொன்னாரு."

பிளேடால் பட்டன் இருக்கும் இடத்தில் மட்டும் ஓர் ஓட்டை போட்டேன். துணியை அவிழ்த்தால் அவரைப் போலத் திருப்பிச் சுற்ற எனக்கு வராது. சார்ஜ் ஏற்றாத பேட்டரியைப் பெருமாள் பார்த்துக்கொள்வார் என்று ஓடினேன்.

பெருமாள் அந்த அளவுக்குப் பார்த்துக்கொள்ளவில்லை. தெருமுனைக்குப் போவதற்குள் பேட்டரி அடையாளம் சிவப்பாக மினுக்க ஆரம்பித்துவிட்டது. வெயில், தவில், தள்ளுமுள்ளு. நான் குனிந்து, பின்பக்கமாக நடந்து, யாரோ ஒருவர் காலை மிதித்து, அவரிடம் திட்டு வாங்கிக்கொண்டே குஞ்சத்துக்குக் கீழே நுழைந்தேன். கையெல்லாம் வியர்வை. துணி அதைக் குடித்துவிட்டுக் கேமராவைக் கையிலேயே வைத்திருந்தது. அப்பா குடையின் உச்சியைப் பார்த்துக்கொண்டு நடந்துவந்தார். கைங்கரியத்தில் இருக்கும்போது அவர் யாரையும் பார்க்கமாட்டார். கூப்பிட்டாலும் திரும்பமாட்டார்.

"அப்பா!" என்றேன். அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

"அப்பா, இங்க பாருப்பா!"

ஒரு கணம் கண்ணை இறக்கினார். அழுத்தினேன். க்ளிக் என்ற சத்தத்தோடு கேமரா உயிரை விட்டது.

வீட்டுக்கு வந்து துணியை அவிழ்த்து, பேட்டரிக்குச் சார்ஜ் போட்டு, நானும் அம்மாவும் முட்டிக்கொண்டு திரையைப் பார்த்தோம். முகம் முழுசாக விழுந்திருந்தது. நெற்றியில் திருமண், அது வியர்வையில் லேசாகக் கரைந்த கோடு, எல்லாம் இருந்தது. ஆனால் கண் லென்ஸைப் பார்க்கவில்லை. கொஞ்சம் தள்ளி, புருவத்தைச் சுருக்கிக்கொண்டு எதையோ பார்த்தது. முதலில் எனக்குப் புரியவில்லை. அம்மாதான் கண்டுபிடித்தாள்.

"பெருமாளையும் பாக்கல, உன்னையும் பாக்கல. சுத்துன துணி அவுருதான்னு பார்த்துக்கினு இருக்காரு பாரு, மனுஷன்!" சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதையே பெரிதாகப் போட்டுக் கொண்டுவரச் சொன்னாள்.

இப்போது கூடத்தில் மாட்டியிருக்கிறோம். வருகிறவர்கள் எல்லோரும், முகம் நன்றாக விழுந்திருக்கிறது, ஆனால் எங்கே பார்க்கிறார் என்று கேட்கிறார்கள்.

என் கையை என்று சொல்கிறேன்.