நீர்நாய்க் கூடாரம்

முன்னோர் காட்டெருமைகளை விரட்டி வீழ்த்திய பாறையடியில் பிளாக்ஃபுட் பழங்குடிக் குடும்பங்கள் கோடைதோறும் கூடாரம் போடும். கல்யாணமான காலந்தொட்டு அங்கே சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு வெர்னாதான் வழிகாட்டி. பாறையைக் காட்டுவாள், எலும்புக் குவியலைக் காட்டுவாள். வந்தவர்கள் தலையாட்டிவிட்டு நேரே டெல்ஃபீனின் கூடாரத்துக்குப் போய்விடுவார்கள்.

டெல்ஃபீன் அவளுக்குப் பெரியம்மா மகள். சின்ன வயதில் மணி கோத்த தோல்செருப்பும் டெல்ஃபீனுக்குத்தான் முதலில் வந்தது. இப்போது அவள் கூடாரத் துணியைச் சுற்றி, வரைந்த கறுப்பு நீர்நாய்கள் வரிசையாக ஓடின. வெர்னாவுடையது வெறும் வெள்ளைத் துணி. அந்தச் சித்திரத்தை ஆசைப்பட்டவரெல்லாம் வரைந்துகொள்ள முடியாது. வைத்திருப்பவர் சடங்கு செய்து கைமாற்ற வேண்டும். மாற்றியபின் அவருக்கு அதில் உரிமையில்லை.

வயிற்றெரிச்சல் தாங்காமல் ஒருநாள் வெர்னா முறைப்படி புகையிலைக் காணிக்கையோடு போய்க் கேட்டேவிட்டாள்.

"நீ கண்ணு வச்சு வச்சே என் நீர்நாயெல்லாம் இளைச்சுப்போச்சுடி. எடுத்துக்க," என்று சிரித்தாள் டெல்ஃபீன்.

"நெசமாவாக்கா?"

"நெசந்தான். அதோட கட்டுப்பாடெல்லாமும் சேர்ந்துதான் வரும், பாத்துக்க."

வெர்னா பதிலுக்குத் தன் செங்குதிரையைக் கொடுத்தாள், கம்பளிகளைக் கொடுத்தாள், இனி எதற்கென்று அந்த வெள்ளைக் கூடாரத்தையும் கொடுத்தாள். பெரியவர் ஒருவர் பாட்டுப் பாடி, அவள் முகத்தில் செம்மண் பூசிக் கைமாற்றிவைத்தார்.

மறு கோடையில் முதல் பஸ் வந்தது. கூட்டம் நீர்நாய்க் கூடாரத்துக்குத்தான் வந்தது. உள்ளே ஒருவன் சீட்டியடித்தான்.

"இங்க சீட்டியடிக்கக் கூடாதுங்க!"

ஒருத்தி நாய்க்குட்டியோடு நுழைந்தாள்.

"நாய் ஆகாதும்மா, வெளிய கொண்டு போங்க!"

படம் எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராக நழுவினார்கள். இதையெல்லாம் அக்கா எப்படித்தான் சிரித்த முகமாய்ச் சொல்லிவந்தாளோ!

எதிரே டெல்ஃபீனின் வாசலில் நாய்கள் புரண்டன. உள்ளே ரொட்டி பொரியும் வாசனை, சீட்டி, ஓயாத சிரிப்பு.

"வெர்னா, ரொட்டி ஆறுது, வாடி!"

"நெருப்ப விட்டுட்டு வரக்கூடாதேக்கா."

"அப்ப நீர்நாய்ங்களுக்கு ரெண்டு குடுத்தனுப்பவா?"

மறுபடி சிரிப்பு. வெர்னா கணப்பைக் கிளறிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். அந்த வெள்ளைத் துணியில் போன வருஷம் தான் போட்டுத் தைத்த ஒட்டு பளிச்சென்று தெரிந்தது. வயிறு பழையபடி எரியத் தொடங்கியது.