சொந்த மெஷின் வாட்சும் சில வாடிக்கைக்காரர்களும்

வாட்ச் ரிப்பேர் கடைக்கு யாரும் சிரித்த முகத்தோடு வருவதில்லை. ஓடாத வாட்சைக் கொண்டுவந்து, நான்தான் அதை நிறுத்திவைத்தது போல முறைப்பார்கள். யுத்த காலத்தில் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் கடை வைத்திருந்த எனக்கு அந்த முறைப்பு தாராளமாகவே கிடைத்தது. வாட்ச் கட்டிக் கஷ்டப்பட்டிருக்கும் உங்களுக்குச் சொன்னால் புரியும்.

இரண்டு சம்பந்திகள்

கோட்டைக்குள் அக்ரஹாரத்திலிருந்து இரண்டு சம்பந்திகள் சேர்ந்தே வந்தார்கள். யார் வாட்ச் உசத்தி என்று அவர்களுக்குள் தீராத வழக்கு. எண்ணெய் போடத் திறந்ததும் லென்ஸை அவர்கள் கையிலேயே கொடுத்தேன். இரண்டிலும் ஒரே தொழிற்சாலையின் மெஷின்! பல கம்பெனிகள் மெஷினை வெளியே வாங்கி, தங்கள் பெயரை முகப்பில் மட்டும் போட்டுக்கொள்ளும். மூத்தவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளைவாள், இதை வெளில சொல்லிடப்படாது, கேட்டேளா. எங்களுக்குள்ள பேச்சுன்னு இருக்கறதே இது ஒண்ணுதான்."

போனக்காட்டு வாட்ச்

மெஷினையும் சொந்தமாகவே செய்யும் கம்பெனிகள் உண்டு. அவற்றின் மேல் எனக்குக் கொள்ளை ஆசை. ஆனால் கெட்டுப்போனால் அவஸ்தை. வேறெந்த மெஷினின் உறுப்பும் பொருந்தாது.

போனக்காடு தேயிலைத் தோட்டத்திலிருந்து அன்னம்மாள் கொண்டுவந்தது அப்படிப்பட்ட வாட்ச். தோட்டத்து ஃபாக்டரியில் ஃபிட்டராக இருந்த அவள் புருஷன் பட்டாளத்தில் சேர்ந்து பர்மா பக்கம் போயிருந்தான். தினமும் சாவி கொடு, நிற்க விடாதே என்று வாட்சைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டுப் போனானாம். அவனிடமிருந்து கடிதம் வருவது எப்போதோ நின்றுவிட்டது. இப்போது கை தவறி விழுந்து வாட்சும் நின்றுவிட்டது. அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சீமையிலிருந்து உறுப்பு வர வழியில்லாத காலம். முகப்பு அப்படியே இருக்கட்டும், உள்ளே வேறு மெஷின் போட்டுத் தருகிறேன் என்றேன். எல்லோரும் சந்தோஷமாக ஒத்துக்கொள்ளும் யோசனைதான். அவள் வாட்சை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"முகம் மட்டும் அவுக முகமா இருந்து, உள்ள வேற ஆளு துடிச்சா எப்பிடிங்கய்யா?"

ஒடிந்த அச்சு

வாட்சைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேலையில் உட்கார்ந்தேன். ஒடிந்திருந்தது, இப்படியும் அப்படியும் ஆடி வாட்சை ஓட்டும் பேலன்ஸ் சக்கரத்தின் அச்சு. எறும்புக் கால் கனம்தான் இருக்கும். உருக்கு ஊசியைக் கடைந்து நானே ஒன்று செய்தேன், மாட்டும்போதே ஒடிந்தது. அடுத்ததும் ஒடிந்தது. கண்டபடி திட்டிக்கொண்டே இன்னொன்று செய்தேன். அது ஒடியாமல் உட்கார்ந்தது. வாட்ச் ஓடியது, ஆனால் கொஞ்சம் மெதுவாக. என்ன செய்தும் வழிக்கு வரவில்லை.

வெட்கத்தோடு விஷயத்தைச் சொல்லி அவளிடம் நீட்டினேன். அவள் வாட்சைக் காதில் வைத்துக் கேட்டாள். கண் நிறைந்துவிட்டது, எனக்கும்தான்.

"அவுகளும் எங்கயும் நேரத்துக்கு வந்ததில்லய்யா. ஆனா வராம இருந்ததில்ல."

ஒரு புகார்

யுத்தம் முடிந்த பிறகு ஒருநாள், எலும்பும் தோலுமாக ஓர் ஆள் கடைக்குள் நுழைந்து, கையிலிருந்த வாட்சைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். வாட்சைப் பார்த்தவுடன் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. வாசலில் அன்னம்மாள் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

"எந்தப் பய இத ரிப்பேர் பண்ணினது? நேரம் பின்னாலல்லா போகுது!" என்று அதட்டினான் அவன்.

இந்தத் தொழிலில் நான் வாங்கிக் கட்டிக்கொண்ட புகார்கள் எத்தனையோ, ஆனால் எழுந்து நின்று கும்பிடத் தோன்றிய புகார் இது ஒன்றுதான்.