உச்ச வேகப் பலகை

பெட்ரோலும் மின்சாரமும் கலந்து ஓடும் ஹைப்ரிட் கார்களைப் பழுதுபார்க்கும் அந்தப் பட்டறையில், பேட்டரியின் மூடியைத் திறக்கும் உரிமை ஒருத்திக்கு மட்டுமே உண்டு. முழங்கை வரை வரும் ரப்பர் கையுறையை ஊதிப் பார்த்து, ஓட்டை இல்லையென்று உறுதி செய்துகொண்டு அவள் குனிந்தால், சுற்றியிருக்கும் அரட்டை தானாக அடங்கிவிடும். ஓட்டுநர்கள் அவளுக்கு வைத்த பெயர் கரண்ட் அக்கா.

பட்டறைச் சுவரில் தொங்கிய உச்ச வேகப் பலகை விளையாட்டாகத்தான் தொடங்கியது. சர்வீசுக்கு வரும் ஒவ்வொரு வண்டியிலும் ஸ்கேனர் கருவியைப் பொருத்துவது அவளுடைய வேலை. சென்ற சர்வீசுக்குப் பிறகு வண்டி தொட்ட உச்ச வேகத்தையும் அந்தக் கருவி காட்டிக்கொடுத்துவிடும். ஒரு டாக்ஸிக்காரர், "எண்பதத் தாண்டியிருந்தா என் பேர மாத்திக்கறேன்" என்று நெஞ்சைத் தட்டிச் சொன்னார். கருவி 151 என்றது.

"புதுப் பேரு என்ன வைக்கலாம் அண்ணே?" என்று அவள் கேட்க, பட்டறையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அன்று மாலையே யாரோ ஒருவர் கரும்பலகை ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். அதில் முதல் எண்ணை எழுதியவள் அவளே.

அதன்பின் நிலைமை தலைகீழாயிற்று. பெட்ரோலை மிச்சம் பிடிப்பதற்கென்றே அந்த வண்டியை வாங்கியவர்கள், சிக்னலில் இன்ஜின் அணைந்துவிட்டால் அகமகிழ்ந்துபோனவர்கள், இப்போது ஆளில்லாத சாலையைத் தேடிப் போய் மிதித்தார்கள். 158 வந்தது, 163 வந்தது, 169 வந்தது. எண்ணை உடனே சொல்லாமல், உதட்டைக் கடித்துக்கொண்டு சற்று நேரம் காக்க வைப்பதில் அவளுக்கும் ஓர் இன்பம் இருந்தது.

பலகையின் அடியில் எப்போதும் கிடந்தது 84. அது அவளுடைய தம்பியின் எண். சிறுநீரகம் பழுதானவர்களை டயாலிசிஸுக்கு அழைத்துச் சென்று வீட்டில் திரும்பக் கொண்டுவந்து விடுவது அவனுடைய பிழைப்பு. வேகத்தடையில் அவன் ஏறி இறங்குவது பின்னால் இருப்பவருக்குத் தெரியாது.

"என்னடா, ஓட்டிக்கிட்டு வந்தியா, தள்ளிக்கிட்டு வந்தியா?" என்பாள் அக்கா.

"உள்ள இருக்கறவங்க முடியாதவங்கக்கா."

"வெறும் வண்டியா வர்றப்பவும் இதே எண்பத்துநாலுதானா? என் மானத்த வாங்கறியேடா!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான், காது மட்டும் சிவந்தது. அவள் அதைக் கண்டாள். கண்டும், அடுத்த முறை அதையே கேட்டாள்.

அதற்கடுத்த சர்வீசின்போது அவன் நிலைகொள்ளாமல் நின்றான். "மிஷின போட்டுப் பாருக்கா" என்றான். போட்டாள். 174. பட்டறை கூச்சலிட்டது; இருவர் அவனைத் தூக்கிக்கொண்டே சுற்றினார்கள்.

அந்த வேகம் பதிவான நொடியில் வண்டி இருந்த நிலையையும் கருவி ஒரு வரியில் சொல்லும். ஓட்டுநர் பெல்ட்: பூட்டியது. பின் இருக்கை, இடப்பக்கப் பெல்ட்: பூட்டியது.

பின்னால் ஆள் இருந்திருக்கிறார். அவளுடைய விரல் திரையின்மேல் நின்றுவிட்டது. நிமிர்ந்து தம்பியைப் பார்த்தாள். அவன் முகத்தில் அப்படியோர் ஒளியை அவள் பார்த்துப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சாக்பீஸை எடுத்து, பலகையின் உச்சியில் எழுதினாள்.

சில நாள்களில் அவன் அவளுடைய வீட்டிற்கு வந்து, சமையலறை வாசலில் நின்றான். அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர் ஆஸ்பத்திரிக்குப் போகவே இல்லையாம்க்கா."

தனியாக வாழும் அந்த ஓய்வுபெற்ற ஆசிரியையைப் பற்றி அவன் அடிக்கடி சொல்லியிருக்கிறான். "வேற வண்டியில போயிருப்பாங்கடா."

"அனுப்பிப் பாத்தேன். ஏறலையாம். நான் போனா கதவையே திறக்க மாட்டேங்கறாங்க. கால் வீங்கிடுச்சாம். இன்னும் ஒரு முறை தவறினா உயிருக்கே ஆபத்துன்னு நர்ஸ் கத்தறாங்க."

"அன்னிக்குப் பின்னாடி உக்காந்திருந்தது அவங்கதானே?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "காலி ரோடுக்கா. ஒரு நிமிஷந்தான். தூங்கறாங்கன்னு நெனச்சேன்." பிறகுதான் அவனுக்கு உறைத்தது. "ஆமா, ஆள் இருந்தது உனக்கு எப்படித் தெரியும்? எப்பலேர்ந்து தெரியும்?"

அவள் குழாயை மூடினாள். ஈரக் கையோடு தரையைப் பார்த்தாள். அதிலேயே புரிந்துகொண்டு அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

மறுநாள் காலை, பட்டறையில் முதல் வேலையாக ஈரத்துணியால் பலகையைத் துடைத்தாள். "தம்பி முதல் இடத்துக்கு வந்ததும் போட்டிய முடிச்சிட்டீங்களேக்கா! நல்லா இருக்கே நியாயம்!" என்றார் டாக்ஸிக்காரர். எல்லாரும் சிரித்தார்கள். அவள் விடுப்புச் சொல்லிவிட்டு, தம்பியை வண்டியோடு வரச்சொன்னாள்.

அவனைத் தெருவில் நிறுத்திவிட்டு அவள் மட்டும் போய் டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினாள். டீச்சரின் பாதங்கள் செருப்புக்குள் நுழையாத அளவுக்கு வீங்கியிருந்தன.

"அவனோட அக்காவா? அவனுக்காகப் பேச வந்தியா?"

"இல்ல டீச்சர். என்னப் பத்திச் சொல்ல வந்தேன்." பலகையையும் கேலியையும் பெல்ட்டையும் ஒன்று விடாமல் சொன்னாள்.

"நான் உள்ள இருந்தது தெரிஞ்சும் எழுதின."

"எழுதினேன் டீச்சர்."

"அன்னிக்குக் கத்தப் பாத்தேம்மா, குரலே வரல. இப்ப எந்தக் கார் கதவத் திறந்தாலும் கால் எழும்ப மாட்டேங்குது. பிடிவாதம் பிடிக்கறேன்னு நர்ஸ் சொல்றா. போகலன்னா செத்துடுவேன்னு எனக்குத் தெரியாதா?"

"அறுபதுக்கு மேல போகாதபடி வண்டிய மாத்திடறேன் டீச்சர்."

"மிஷினப் பத்தி என்கிட்ட பேசாத. நீ வந்து பக்கத்துல உக்காரு. அந்தப் பின் சீட்டு எப்படி இருக்கும்னு உனக்கும் தெரியட்டும்."

ஏறுவதற்கே நெடுநேரம் ஆயிற்று. டீச்சர் கண்களை இறுக மூடிக்கொண்டு, அவளுடைய மணிக்கட்டைப் பற்றினார். தம்பி நாற்பதில் ஓட்டினான். பின்னால் வந்தவர்கள் ஹாரனை அலறவிட்டுத் திட்டிக்கொண்டே தாண்டிப் போனார்கள். ஒவ்வொரு லாரி கடக்கும்போதும் டீச்சரின் நகங்கள் அவளுடைய தோலில் இறங்கின. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. நாற்பதிலேயே இந்தக் கை இப்படி இறுகினால், அன்று எதைப் பற்றிக்கொண்டிருந்திருக்கும்? முன் இருக்கையின் முதுகைப் பார்த்தாள். வழுவழுப்பான உறை, பிடித்துக்கொள்ள அதில் ஒன்றுமில்லை.

மருத்துவமனை வாசலில் வண்டி நின்றபிறகுதான் டீச்சர் கண்களைத் திறந்தார். தம் நகங்கள் பதிந்த இடத்தைப் பார்த்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்த பிறகு கேட்டார்:

"இன்னிக்கு வேலைக்கு லீவு போட்டியா?"

"ஆமா டீச்சர்."

"எனக்கு வாரத்துக்கு மூணு தடவ இருக்கு. உங்க முதலாளிகிட்ட சொல்லி வை."