அவளுடைய முக்காடும் எனது பொட்டும்

ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் நான் வேலை செய்யும் கிண்டர்கார்டனுக்கு அந்தத் துருக்கிப் பெண் வந்த முதல் கிழமையே எனக்கு அவளைப் பிடிக்காமல் போய்விட்டது. பெரிய காரணம் ஒன்றுமில்லை, பிள்ளைகளுக்கு அவளைப் பிடித்திருந்தது. காலையில் அவள் உள்ளே வந்தால் போதும், "இன்றைக்கு என்ன நிறம்?" என்று கத்திக்கொண்டு ஓடுவார்கள். அவளுடைய முக்காடு ஒருநாள் பச்சை, ஒருநாள் கத்தரிப்பூ நிறம். நான் மூக்குத் துடைத்துவிட்டு, சப்பாத்துப் போட்டுவிட்டு வளர்த்த பிள்ளைகள் அவளுடைய மடியில் போய் ஏறிக்கொள்ளும். எனக்கு வயிறு பற்றி எரியும்.

எங்கள் இரண்டு பேருக்கும் தற்காலிக ஒப்பந்தம்தான். கோடை விடுமுறைக்கு முன் ஒருவரை நிரந்தரமாக்குவதாகப் பொறுப்பாளர் அம்மா சொல்லியிருந்தார். நான் மூத்தவள், அனுபவம் கூட. ஆனால் அவள் இங்கேயே பிறந்தவள். அவளுடைய ஜெர்மன் தண்ணீர் மாதிரி ஓடும், என்னுடையது நின்று நின்று வரும்.

அந்த நேரத்தில்தான் சில பெற்றோர், சின்னப் பிள்ளைகளுக்கு முன்னால் முக்காடு போடக்கூடாது என்று முறைப்பாடு செய்தார்கள். தொலைக்காட்சியிலும் அதே விவாதம்தான் ஓடிக்கொண்டிருந்தது. பொறுப்பாளர் அவளைக் கூப்பிட்டு, வேலை நேரத்தில் மட்டும் கழற்ற முடியுமா என்று மெதுவாகக் கேட்டார். பக்கத்து அறையில் ஒரு பிள்ளைக்குப் பம்பர்ஸ் மாற்றிக்கொண்டிருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

"கழற்ற மாட்டேன். அதற்காக வேலை இல்லையென்றால் போகிறேன்" என்றாள். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. அவளுடைய வயது, அவளுடைய ஜெர்மன், அவளுடைய மடி எல்லாவற்றையும் விட அந்த இரண்டு வசனங்கள்தான் என்னை வாட்டியெடுத்தன.

ஏனென்றால் நான் கழற்றியவள். முதன்முதலில் வேலை தேடியபோது, எனக்குத் தெரிந்த ஓர் அக்கா சொன்னார்: "பிள்ளை, பொட்டோட போகாதையும். ஒரு மாதிரிப் பாப்பினம். வேலை தரமாட்டினம்." அன்றிலிருந்து கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் மட்டும்தான் நாள் முழுக்கப் பொட்டு. வேலை நாளில் சாமி கும்பிட்டு ஒட்டுப் பொட்டு வைப்பேன். இங்கே ஆற்றுக்கு மேலே தண்டவாளத்தில் தொங்கிக்கொண்டு ஓடும் தொங்கு ரயிலில் ஏறி, இறங்கும் இடம் வருவதற்குள் அதை உரித்துக் கைத்தொலைபேசியின் பின்பக்கம் ஒட்டிவிடுவேன். பின்னேரம் எடுத்துப் பார்த்தால் பசை முழுக்கப் பஞ்சு, ஒட்டாது. எனக்குத் தெரிந்த பாதிப் பெண்களின் தொலைபேசிகள் இப்படித்தான் அம்மை போட்டதுபோலக் கிடக்கும். நாங்கள் அதைப்பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

விஷயத்தைப் பெற்றோர் கூட்டத்தில் பேசுவதென்று முடிவானது. பொறுப்பாளர் என்னிடம் வந்து, "நீங்களும் ஒரு மதச் சின்னம் வைப்பவர்தானே? வேலைக்கு வரும்போது எடுத்துவிடுகிறீர்கள். அதைக் கூட்டத்தில் சொல்வீர்களா?" என்று கேட்டார். ஒருநாள் கோயிலுக்குப் போய் வரும்போது என்னைக் கடை வீதியில் பொட்டோடு கண்டிருக்கிறார்.

வீட்டில் சொன்னேன். "உமக்கென்ன விசரே?" என்றார் என் கணவர். "அது அவையின்ர பிரச்சினை. நீர் வாயைத் திறக்காதையும். வேலை தானா வரும்."

"இல்லை, நான் கதைக்கப் போறன்" என்றேன். நியாயத்துக்காக அல்ல. அவள் தோற்க வேண்டும், அதை நான் என் வாயால் செய்ய வேண்டும் என்றிருந்தது. கண்ணாடிக்கு முன் நின்று ஜெர்மனில் பாடமாக்கினேன்.

கூட்டத்தில் ஒரு தகப்பன் முக்காடு வேண்டாம் என்றார். இன்னொருவர் அவருடன் சண்டைக்குப் போனார். அரை மண்டபம் அவளுக்காக எழுந்து நின்று கத்தியது. அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பொறுப்பாளர் என்னைப் பார்த்தார். எழுந்தேன்.

"நானும் நெற்றியில் பொட்டு வைப்பவள். இங்கே வரும்போது எடுத்துவிடுவேன். எனக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை" என்று தடுமாறாமல் சொல்லி முடித்தேன்.

ஒரு தாய் வெடித்துக்கொண்டு எழுந்தாள். "இவரை யார் எடுக்கச் சொன்னது?"

பொறுப்பாளரின் முகம் சிவந்துவிட்டது. "நாங்கள் சொல்லவில்லையே!" எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இதற்கு நான் பதில் பாடமாக்கியிருக்கவில்லை. "ஒருவரும் சொல்லவில்லை" என்றேன்.

"பார்த்தீர்களா, பயத்திலேயே கழற்றுகிறார்கள்! அடுத்ததாக இந்தப் பெண்ணையும் அப்படி ஆக்கப் போகிறோமா?" என்றாள் அந்தத் தாய். அதோடு பேச்சின் போக்கே மாறிவிட்டது. முக்காடு இருக்கட்டும் என்று கூட்டம் முடிந்தது. வாசலில் அவள் என்னைக் கட்டிப்பிடித்து, தனக்காகத்தான் பேசினேன் என்று நினைத்து நன்றி சொன்னாள். அவளுடைய கண்ணீர் என் கழுத்தில் பட்டது. தள்ளிவிடவும் முடியவில்லை.

நிரந்தர வேலை அவளுக்கே போனது. எனக்குப் பழையபடி ஒப்பந்தத்தை நீட்டித் தந்தார்கள்.

அது தெரிந்த மறுநாள், தொங்கு ரயிலில் பொட்டை உரிக்காமல் அப்படியே உள்ளே போனேன். பொறுப்பாளர் காலை வணக்கம் சொல்லி, மணல் பெட்டிப் பக்கம் நிற்கச் சொன்னார். பிள்ளைகள் முக்காட்டின் நிறம் பார்க்க ஓடினார்கள். பின்னேரம் வீடு போகும்வரை, யாராவது ஒருவர் வந்து என் பொட்டைக் கழற்றச் சொல்ல மாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டே நின்றேன்.